முற்றிப்போன போஞ்சியின் கொட்டையைச் சமைக்கலாமா? ஊறவைக்க வேண்டுமா?

தாராளமாகச் சமைக்கலாம். காயாத பச்சைக் கொட்டை என்றால் ஊறவைக்கத் தேவையில்லை. முற்றின போஞ்சி பழுதான போஞ்சி இல்லை, அது வேறொரு மரக்கறி. தோலை மறந்துவிட்டுக் கொட்டையைப் பாருங்கள்.

நான் வளர்ந்தது நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் அம்மா கம்பு நட்டுப் போஞ்சி போடுவார். கொழுந்து கூடின நாட்களில் அந்தத் துண்டு நிலத்துப் பக்கம் போக நேரம் இருக்காது. பிஞ்சாகப் பறிக்காமல் விட்டதெல்லாம் கொடியிலேயே முற்றிவிடும். வீட்டில் எல்லோரும் காத்திருந்ததும் அதற்குத்தான்.

பறிக்கும் பக்குவம் முக்கியம். தோல் மஞ்சள் தட்டி, தொய்ந்து, உள்ளே கொட்டை புடைத்துத் தெரிய வேண்டும். உரித்த கொட்டையில் நகத்தை வைத்தால் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் காயத் தொடங்கிவிட்டது, அதை முழுக்கக் காயவைத்து, பிறகு இரவு ஊறவைத்துச் சமைப்பதே நல்லது. சந்தையில் வாங்குவதென்றால் முற்றினதைக் கேட்டு வாங்குங்கள், பல கடைக்காரர்கள் அதைத் தனியே ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஒரு கிலோ உரித்தால் எனக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொட்டை கிடைக்கும். புள்ளி போட்ட கொட்டையாக இருந்தால் வெந்ததும் புள்ளி மறைந்துவிடும். சாயம் தண்ணீரில் கரைவதுதான் காரணம், பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது வேகாத கொட்டைக்கு. போஞ்சிக் கொட்டையில் லெக்டின் என்ற ஒருவகைப் புரதம் இருக்கிறது. பச்சையாக நாலைந்து கொட்டை தின்றாலே சிலருக்கு வாந்தி, வயிற்றோட்டம் வந்துவிடும். 100 பாகையில் பத்து நிமிடம் நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் நம் ஊரில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லையே! நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்பில் இருபது நிமிடத்தில் வெந்ததாகச் சொல்லும் கொட்டை இங்கே வேக நேரம் எடுப்பதும் இதனால்தான். அதனால் திறந்த சட்டியில் வைத்தால் தளதளவென்று அரை மணிக்குக் குறையாமல் கொதிக்க விடுகிறேன். பிரஷர் குக்கர் இருந்தால் கவலையே இல்லை, உள்ளே சூடு 110 பாகையைத் தாண்டிவிடும், மூன்று நான்கு விசிலில் மெழுகாக வெந்திருக்கும். கொதிக்க விடாமல் தணலில் வைத்துவிட்டு வேலைக்குப் போகும் பழக்கம் மட்டும் இதற்கு ஆகாது. மிதமான சூட்டில் நின்றால் நஞ்சு போகாது, கூடவும் கூடும். இன்னொன்று, விதைப் பக்கட்டில் வரும் இளஞ்சிவப்புச் சாயம் பூசிய கொட்டையைச் சட்டியில் போட்டுவிடாதீர்கள். அது மருந்து பூசியது.

கல்யாணமான புதிதில் முதல் தடவை நானே வைத்தபோது தக்காளியையும் பழப்புளியையும் ஆரம்பத்திலேயே போட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் கொதித்தும் கொட்டை பல்லில் கடிபட்டது. புளிப்பு சேர்ந்தால் கொட்டை இளகாது. உப்பை முதலிலேயே போடலாம், புளியைக் கொட்டை விரலில் நசுங்கின பிறகுதான்.

கறிக்கு வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு, கறிவேப்பிலை, ரம்பைத் துண்டு, மஞ்சள், கொஞ்சம் கறித்தூள். வெந்த கொட்டையை அந்தத் தண்ணீரோடேயே சேருங்கள், ருசி அதில் இறங்கியிருக்கும். தேங்காயின் இரண்டாம் பாலில் கொதித்ததும் ஒரு கரண்டிக் கொட்டையை மசித்து விட்டால் குழம்பு தானாகத் தடிக்கும். கட்டிப்பால் கடைசியில், ஒரு கொதி போதும். நெத்தலிக் கருவாட்டை வறுத்துப் போட்டால் அம்மா வைத்த கறி. தேங்காய்ப்பூ ரொட்டியைச் சூடாகப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள், சோறு தேட மாட்டீர்கள்.

எல்லாவற்றையும் பறித்துவிட வேண்டாம். கொடியில் நல்லதாகத் தெரியும் பத்துப் பதினைந்து காயை விட்டுவையுங்கள். ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும்போது பறித்து, துணியில் முடிந்து அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிடுவார் அம்மா. அடுத்த போகத்துக்கு விதை அதுதான்.