டச்சு மலர் ஓவியங்கள் வெறும் அலங்காரமா, அவற்றுக்கு அர்த்தம் ஏதாவது உண்டா?

கூடத்தில் மாட்ட ஒரு பிரதி வாங்கியிருப்பீர்கள். "இதில் என்ன இருக்கு, வெறும் பூதானே?" என்று வீட்டில் யாரோ கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வி என்னையும் குத்தியிருக்கிறது.

கல்லூரிக் காலத்தில் வாரக் கடைசி ஓவிய வகுப்புக்குப் போனேன். இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு செம்பருத்திக் கிளை வரைந்தேன். ஆசிரியர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "பூ வரைவது பொம்பளைங்க பொழுதுபோக்கு. பார்த்ததை அப்படியே வரைய மூளை எதற்கு?" என்றார். அதற்கப்புறம் 11 வருடம் நான் தூரிகையைத் தொடவில்லை.

பிறகு தம்பியைப் பார்க்க நெதர்லாந்து போனேன். தி ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹைஸ் அருங்காட்சியகத்தில் கூட்டமெல்லாம் முத்துத்தோட்டுப் பெண் ஓவியத்தின் முன்னால் நின்றது. நான் டச்சு ஓவியர் அம்ப்ரோசியஸ் போஸ்ஹார்ட் 1618 வாக்கில் வரைந்த ஜன்னலோரப் பூச்சாடியின் முன்னால் நின்றேன். துலிப்பும் ரோஜாவும் ஒரே சாடியில். துலிப் வசந்தப் பூ, ரோஜா கோடைப் பூ. அந்தக் காலத்தில் அப்படியொரு கொத்தை யாரும் பறித்திருக்கவே முடியாது! ஒவ்வொரு பூவையும் அதனதன் பருவத்தில் தனித்தனியாக வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு கற்பனையில்தான் சேர்த்திருக்கிறார். மூளை எதற்கு என்றவருக்கு அங்கேயே பதில் கிடைத்தது.

இலைகளில் பூச்சி அரித்த ஓட்டைகள் இருக்கின்றன. எல்லாம் வாடும் என்பதைச் சொல்கின்றன. ஜன்னல் விளிம்பில் கடல்கடந்து வந்த சிப்பிகள். கப்பல் வணிகத்தில் செழித்த ஊரின் பெருமை அது. துலிப்பும் அன்று பணக்காரர்களின் பூ. 1637இல் அதன் விலை சரிந்தது பெரிய கதை. கலை வரலாறு படித்தவர்கள் கோபிக்க வேண்டாம், எல்லா மலர் ஓவியத்திலும் மரணத்தைத் தேடக்கூடாது என்ற வாதம் எனக்கும் தெரியும். ஆனால் இந்த ஓவியத்தில் நிலையாமை, பெருமிதம் இரண்டையும் நான் பார்த்தேன்.

"பொம்பளைங்க பொழுதுபோக்கு" என்பதற்கும் பதில் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் மலர் ஓவியர் ராஹல் ரைஸ் என்ற பெண் 10 பிள்ளைகளைப் பெற்றவர். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் அரசவையின் ஓவியராக இருந்தார். 80 வயதைத் தாண்டியும் வரைந்து, கையெழுத்தோடு தன் வயதையும் எழுதினார். அது பிழைப்பு, புகழ், வாழ்நாள் உழைப்பு.

பிரதி விற்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. படச்சட்டத்துக்குள் அடக்குவதற்காக ஓரங்களை வெட்டிவிடுகிறார்கள். நான் வாங்கியதில் சிப்பிகளே இல்லை, ஓவியர் பெயரும் இல்லை. உங்களுடையதில் கீழ்விளிம்பு முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். இலைகளையும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, என்ன பூச்சி தெரிகிறது என்று எழுதுங்கள்.