நிலவாகை வளர்ப்பு: புதிதாக இறங்குகிறவர்களுக்கு அண்ணாச்சியின் பதில்கள்

பத்து சென்ட், இருபது சென்ட் நிலத்தில், மலச்சிக்கலுக்கு மருந்தாகும் நிலவாகையைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ‘திருநெல்வேலி சென்னா’ என்று வெளிநாட்டு மருந்து நூல்களிலேயே நம் ஊர்ப் பெயரோடு பதிந்துவிட்ட செடி இது. நன்றாக விளைந்த இலையைக் காயவைக்கத் தெரியாமல் கெடுப்பதைக் கண்டால் மனம் பொறுப்பதில்லை. ஆகவே அந்த ஒரு பதில் மட்டும் நீண்டுவிட்டது.

திசையன்விளையிலிருந்து: அண்ணாச்சி, எங்களுடையது தேரி ஓரத்துச் செம்மண். தண்ணீரும் குறைவு. வருமா?

தாராளமாக வரும் தம்பி. நிலவாகைக்கு வெயில் வேண்டும், வடிகால் வேண்டும். வறட்சியைத் தாங்கும், வேரில் தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. மானாவாரி என்றால் புரட்டாசிக் கடைசியில், அடைமழை பிடிக்கும் முன் விதையுங்கள். கிணறு இருந்தால் பிசான நெல் அறுப்பு முடிந்து மாசியிலும் போடலாம். களிமண் வயலானால் பாத்தியை மேடாக்காமல் விதைக்க வேண்டாம்.

நாங்குநேரியிலிருந்து: விதைத்துப் பல நாள் ஆகியும் பாதிகூட முளைக்கவில்லை. விதை கெட்டதா?

கெட்ட விதையாக இருக்க வேண்டும் என்பதில்லை. இதன் தோல் கெட்டி; தண்ணீர் உள்ளே இறங்காது. பருமணலோடு கலந்து உரலில் மெல்ல இடித்துத் தோலில் கீறல் விழச் செய்து, இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் நிழலில் உலர்த்தி விதையுங்கள். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. எக்டேருக்கு 15 முதல் 20 கிலோ என்பது கணக்கு; பத்து சென்டுக்கு முக்கால் கிலோ போதும். வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட கே.கே.எம்.1 ரகத்தைக் கேட்டுப் பாருங்கள். நிலவாகையை ‘நில அவுரி’ என்றும் சொல்வார்கள்; ஆனால் கடையில் வெறுமனே ‘அவுரி’ என்று கேட்டால் நீலச்சாய அவுரி விதையைக் கொடுத்துவிடக்கூடும். ‘சென்னா’ என்றே சொல்லுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: முருங்கைபோல நல்ல செடியின் குச்சியை வெட்டி நட்டால் தாயின் குணம் அப்படியே வருமே?

குச்சியில் வளர்ந்தால் தாயின் குணம் வரும் என்பது சரி. ஆனால் நாம் நிலவாகையை ஒரு பருவத்துப் பயிராகத்தான் வைக்கிறோம். குச்சி வேர்விட்டு நிமிர்வதற்குள் முதல் பறிப்பே வந்துவிடும். அதைவிட, இலை தடித்து அகன்று, பூ தாமதமாக வருகிற நான்கைந்து செடிகளுக்குக் கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். அவற்றின் நெற்றை மட்டும் முற்றவிட்டு அடுத்த விதைப்புக்கு எடுங்கள்.

குச்சி நட்டுப் பழக வேண்டும் என்றால் ஆடாதோடை நல்ல ஆசான். சுண்டுவிரல் பருமனில் மூன்று நான்கு கணுவுள்ள குச்சி. கீழ்முனையைச் சாய்வாக வெட்டுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கட்டும். மேல் இலைகளைக் கிள்ளிவிட்டு நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். நொச்சிக்கும் இதே முறைதான்.

பாளையங்கோட்டை கல்லூரி மாணவர்: கஞ்சாவும் மூலிகைதானே? ஒரே ஒரு செடி தொட்டியில் வைத்துப் பார்த்தால் என்ன?

வேண்டாம் தம்பி. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு செடிதானே, தொட்டிதானே என்பதற்கெல்லாம் அதில் விலக்கு இல்லை. வளர்க்கிறேன் என்று யார் ஆலோசனை கேட்டாலும் நான் சொல்வதாக இல்லை. செடி வளர்க்கும் ஆசை உண்மையானால் வாருங்கள், நிலவாகையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

வள்ளியூரிலிருந்து: எப்போது பறிப்பது? ஆடு மேயுமா, புழு வருமா?

ஆடு மாடு பெரும்பாலும் சீண்டுவதில்லை. வெளிர் நிற வண்ணத்துப்பூச்சி இலையில் முட்டையிட்டால் பச்சைப் புழு வரும். சிறு நிலத்தில் காலையில் கையாலேயே பொறுக்கிவிடலாம். மருந்துக்குப் போகிற இலை, பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம்.

விதைத்து இரண்டு மாதம் போல ஆனதும் முதல் பறிப்பு. பிறகு ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. இலை முழுதாக விரிந்து, தடித்து, நீலம் பூசினாற்போன்ற பச்சையில் இருக்க வேண்டும். மஞ்சள் பூங்கொத்து தலைகாட்டினால் கிள்ளிவிடுங்கள், இலை பெருகும்.

சாத்தான்குளத்திலிருந்து ஒரு சகோதரி: அண்ணாச்சி, களத்தில் வெயிலில் போட்டேன். ஒரே நாளில் காய்ந்துவிட்டது. வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறார். ஏன்?

தங்கச்சி, உங்கள் இலை மஞ்சளாகியிருக்கும். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். சுள்ளென்ற வெயில் பச்சையை வெளுக்க வைத்துவிடும்.

பனி உலர்ந்த பின் பறியுங்கள். பறித்ததைச் சாக்கில் திணித்து வைத்தால் சூடேறிக் கறுத்துப் போகும், அன்றே பரப்ப வேண்டும். முதலில் வயல் ஓரத்திலேயே மெல்லியதாகப் பரப்பி வாடவிடுங்கள். பிறகு காற்றோட்டமான கொட்டகைக்குள், கோரைப்பாயிலோ ஓலைப்பாயிலோ, இலைமேல் இலை கனமாகச் சேராதபடி விரியுங்கள். தினமும் இருமுறை, காம்போடு நொறுங்காமல் உள்ளங்கையால் அளைந்து புரட்டுங்கள். ஏழு முதல் பத்து நாள் ஆகும். அவசரம் கூடாது. ஆடிக் காற்றுக் காலத்தில் மேற்குப் பக்கம் மறைப்புக் கட்டாவிட்டால் மணல் வந்து படியும். மணல் படிந்த சரக்கை யாரும் தொடமாட்டார்கள்.

காய்ந்ததா என்று அறிய ஓர் இலையை நடுநரம்பில் மடியுங்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சட்டென ஒடிந்து, ஒடிந்த இடமும் இளம்பச்சையாகவே இருந்தால் பதம் வந்துவிட்டது. ஈரப்பதம் எட்டு சதவீதத்தை ஒட்டி இறங்கியிருக்கும். மஞ்சள் இலை, குச்சி, பூ எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். ஒரு சாக்கில் சேர்ந்த ஒரு பிடி ஈர இலை போதும், மழைக்காலத்தில் மொத்தமும் பூசணம் பிடிக்கும். தரையில் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

தென்காசியிலிருந்து: எவ்வளவு கிடைக்கும்?

மானாவாரியில் எக்டேருக்கு ஒரு டன் காய்ந்த இலை வந்தாலே நல்ல விளைச்சல். பத்து சென்டில் அதிகம் போனால் நாற்பது கிலோ. ஏற்றுமதிக்கு எடுப்பவர்கள் இலையில் 2.5 சதவீதம் சென்னோசைடு, அதாவது மலமிளக்கும் சத்து, கேட்பது வழக்கம். விதைக்கும் முன்பே ஒரு வியாபாரியிடம் பேசி வையுங்கள்.

ஏர்வாடியிலிருந்து ஒரு தாயார்: வீட்டு இலையைப் பொடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. நிலவாகைச் சூரணம் மலச்சிக்கலுக்குச் சித்த மருத்துவத்தில் பேர்போன மருந்துதான். ஆனால் அளவு மீறினால் வயிற்றைப் பிடுங்கும். இரவில் சாப்பிட்டால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வேலை செய்யும். அதற்குள் ‘கேட்கவில்லையே’ என்று இன்னொரு கரண்டி கொடுத்துவிடுகிறார்கள், தொல்லை அங்கேதான் வருகிறது. பெரியவர்களும் ஒரு வாரத்துக்கு மேல் தாமாகத் தொடரக் கூடாது. பிள்ளைகள், கர்ப்பிணிகள், குடல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். பொடியை மஞ்சள், மல்லி டப்பாக்களோடு சேர்த்து வைக்காமல், பெயர் எழுதித் தனியாக மேல்தட்டில் வையுங்கள்.