முன்னிலை என்றால் என்ன முன்னிலை? – வாசகர் கேள்வி, பதில்

இந்தப் பதில்களை எழுதும்போது அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு (2024 நவம்பர் 5) இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். பிலடெல்பியாவுக்கு வெளியே குடியிருக்கிற எனக்கும் இதிலிருந்து தப்பிக்க வழியில்லை. டிவியைப் போட்டால் விளம்பரம், தபால் பெட்டியைத் திறந்தால் வழவழப்பான அட்டைகள். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கே: காலையில் ஒரு கருத்துக்கணிப்பு கமலா ஹாரிஸ் 3 சதவீதம் முன்னிலை என்கிறது. மாலையில் இன்னொன்று டிரம்ப் 1 சதவீதம் முன்னிலை என்கிறது. ஒரே நாளில் மக்கள் மனசு மாறிவிடுமா? (புள்ளியியல் படிக்கும் மாணவி)

ப: மாறாது. இரண்டு கணிப்பும் ஒன்றையே சொல்கின்றன என்றால் நம்புவீர்களா? ஆயிரம் பேரிடம் கேட்டு எடுக்கும் கணிப்பில் பிழை வரம்பு கூடவோ குறையவோ 3 சதவீதம். பத்திரிகைகள் அதை அடியில் பொடி எழுத்தில் போடும். அந்த 3 சதவீதம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி. ஹாரிஸ் 49, டிரம்ப் 46 என்று வந்தால், உண்மை நிலவரம் 46–49 ஆகவும் இருக்கலாம், 52–43 ஆகவும் இருக்கலாம். இடைவெளிக்கான பிழை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. ஹாரிஸ் 3 முன்னிலை என்பதும் டிரம்ப் 1 முன்னிலை என்பதும் அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும்.

நீங்கள் புள்ளியியல் படிப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஒரு சோதனை செய்தது. புளோரிடாவில் 867 வாக்காளர்களிடம் எடுத்த பதில்களை அப்படியே நான்கு தேர்ந்த கணிப்பாளர்களிடம் கொடுத்து, நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் என்றது. ஒருவருக்கு ஹிலாரி 4 சதவீதம் முன்னிலை. அடுத்தவருக்கு 3, இன்னொருவருக்கு 1. நாலாமவருக்கு டிரம்ப் 1 சதவீதம் முன்னிலை! கேட்டது அதே 867 பேரிடம்தான். இவர்களில் யார் நிஜமாக வாக்குச்சாவடிக்குப் போவார், பதில் சொல்லாத பிரிவினருக்கு ஈடாக யாருடைய பதிலுக்குக் கூடுதல் எடை கொடுப்பது என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்ததில் வந்த வித்தியாசம் அது. பிழை வரம்பு என்று போடுகிறார்களே, அதில் இந்த வித்தியாசம் சேராது.

அதனால் நான் தனிக் கணிப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுவதும் இல்லை, சோர்ந்துபோவதும் இல்லை. சராசரியைப் பார்ப்பேன். இப்போதைய சராசரியில் ஹாரிஸ் நாடு தழுவிய அளவில் இரண்டு மூன்று சதவீதம் மேலே இருக்கிறார். ஊசலாடும் ஏழு மாநிலங்களில் இருவருக்கும் இடையே ஒன்று, இரண்டு சதவீதம்தான். யார் ஜெயிப்பார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கே: நாடு முழுக்க ஹாரிஸ்தான் மேலே என்றால் அவர்தானே அடுத்த அதிபர்? (இல்லத்தரசி)

ப: 2016இல் ஹிலாரி டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வாங்கினார். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்துச் சுமார் 78,000 வாக்குகளில் தோற்று, வீட்டுக்குப் போனார். மாநிலங்களுக்குப் பங்கிட்ட 538 எலெக்டோரல் வாக்குகளில் (ஒரு மாநிலத்தில் ஜெயித்தவருக்கே அநேகமாக அதன் மொத்த வாக்கும்) 270 யாருக்கோ அவரே அதிபர். எங்கள் பென்சில்வேனியாவுக்கு 19. என் தபால் பெட்டி நிரம்பி வழிவதற்குக் காரணம் அதுதான்.

கே: 2016இல் கணிப்பு தப்பு. 2020இல் டிரம்ப் தோற்றாலும், கணிப்புகள் சொன்ன அளவுக்குத் தோற்கவில்லை. இதற்கு மேலும் இவர்களை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ப: கோபம் நியாயமானது. ஆனால் இரண்டு வருடத்துத் தப்பும் ஒரே தப்பு அல்ல.

2016இல் தேசிய சராசரி அவ்வளவு மோசமில்லை. ஹிலாரி சுமார் 3 சதவீதம் முன்னிலை என்றார்கள், கடைசியில் 2.1 வந்தது. சறுக்கியது மாநிலக் கணிப்புகள். படித்தவர்கள் கணிப்புகளுக்கு அதிகமாகப் பதில் சொல்லுவார்கள், அந்த முறை படித்தவர்கள் ஹிலாரி பக்கம் சாய்ந்திருந்தார்கள். பல மாநிலக் கணிப்புகள் கல்வித் தகுதிக்கு ஏற்ப எடையைச் சரிசெய்யவில்லை.

2020இல் அதையெல்லாம் சரிசெய்தும் நிலைமை இன்னும் மோசமானது. தேசியக் கணிப்புகளில் நாற்பது வருடத்தில் இல்லாத பிழை அது என்று அமெரிக்கக் கருத்துக்கணிப்பாளர்கள் சங்கமே ஆய்வு செய்து ஒப்புக்கொண்டது. விஸ்கான்சினில் பைடன் 17 சதவீதம் முன்னிலை என்று அக்டோபர் கடைசியில் ஒரு பெரிய கணிப்பு சொன்னது. அவர் அங்கே ஜெயித்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்!

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை முழுக்கச் சமமாக வெந்திருந்தால்தான் அது சரி. பியூ ஆய்வு மையம் 1997இல் தொலைபேசியில் கூப்பிட்டபோது நூற்றுக்கு 36 பேர் பதில் சொன்னார்கள். 2018இல் 6 பேர். அந்த 6 பேர் மற்ற 94 பேரைப் போலவே யோசிக்கிறவர்கள்தானா என்பதுதான் தலைவலி. டிரம்புக்கு வாக்களிக்கிறவர்களில் பலருக்குக் கணிப்பாளர்கள் மேலேயே நம்பிக்கை இல்லை. அவர்கள் போனை எடுப்பதே இல்லை என்பது எல்லோரும் சந்தேகிக்கும் காரணம். (இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. தெரியாத எண்ணிலிருந்து வந்தால் நானும் எடுப்பதில்லை.)

ஆட்களைக் கூட்டினால் தீரும் நோயும் இல்லை இது. 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்து, அதிபர் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தார்கள். எதிர்த்து நின்ற லாண்டன் மொத்தமே மெய்ன், வெர்மான்ட் என்ற இரண்டு மாநிலங்களைத்தான் பிடித்தார். அட்டை அனுப்பிய பட்டியலில் கார் வைத்திருந்தவர்கள், வீட்டில் தொலைபேசி வைத்திருந்தவர்கள் நிறைய. பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அவர்கள் ரூஸ்வெல்ட் பக்கமா இருப்பார்கள்? போதாக்குறைக்கு, ரூஸ்வெல்ட் மேல் கடுப்பில் இருந்தவர்கள்தான் மெனக்கெட்டு அட்டையைத் திருப்பி அனுப்பினார்கள்.

கே: அக்டோபர் 1 அன்று துணை அதிபர் வேட்பாளர்கள் வான்ஸுக்கும் (டிரம்ப் அணி) வால்ஸுக்கும் (ஹாரிஸ் அணி) நடந்த விவாதத்தில் ஜெயித்தது யார்? (கணினி வேலை பார்க்கும் இளைஞர்)

ப: பேச்சில் வான்ஸ். இது என் தீர்ப்பு, என் வீட்டில் இதற்கு ஆதரவு இல்லை. வால்ஸ் ஆரம்பத்தில் ரொம்பப் பதற்றமாகத் தெரிந்தார். 1989இல் சீனாவில் தியானன்மென் சதுக்கப் போராட்டம் நடந்த சமயத்தில் தான் ஹாங்காங்கில் இருந்ததாக முன்பு சொன்னது பற்றிக் கேட்டபோது சுற்றி வளைத்து, ‘சில நேரம் நான் ஒரு மண்டு’ என்கிற மாதிரி முடித்தார். ஆனால் கடைசியில், 2020இல் டிரம்ப் தோற்றாரா இல்லையா என்று நேராகக் கேட்டு, வான்ஸ் நழுவியபோது, இந்தப் பதில் இல்லாமையே போதும் என்றாரே, அன்று இரவு என் நினைவில் தங்கியது அந்த ஒரு இடம்தான்.

கணிப்புகளைக் கேட்டால்? உடனடிக் கணிப்பில் சிபிஎஸ் தொலைக்காட்சி சொன்னது வான்ஸ் 42, வால்ஸ் 41, மீதிப் பேருக்குச் சமம். சிஎன்என் சொன்னது 51–49. இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகச் சண்டை போடுகிறார்கள். செப்டம்பர் 10 அன்று எங்கள் பிலடெல்பியாவில் ஹாரிஸும் டிரம்பும் மோதினார்களே, அப்போது சிஎன்என் கணிப்பில் ஹாரிஸ் 63, டிரம்ப் 37. அப்படி ஒரு தீர்ப்புக்குப் பிறகும் வாக்குக் கணிப்புகள் பெரிதாக அசையவில்லை. முதலாளிகள் மோதியே அசையாததை இவர்களா அசைத்துவிடப் போகிறார்கள்?

1988இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் பென்ட்சன், தன்னைக் கென்னடியோடு ஒப்பிட்டுப் பேசிய குடியரசுக் கட்சி வேட்பாளர் குவேலைப் பார்த்து ‘நீங்கள் ஜாக் கென்னடி இல்லை’ என்று சொன்னதை இன்றைக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். துணை அதிபர் விவாதங்களில் அதைவிடத் தெளிவான வெற்றி எனக்குத் தெரிந்து கிடையாது. அடுத்த மாதமே குவேலின் கட்சி 40 மாநிலங்களை அள்ளியது.

கே: பென்சில்வேனியா கவர்னர் ஷபிரோவைத் துணை அதிபர் வேட்பாளராகப் போட்டிருந்தால் அந்த 19 வாக்குகள் உறுதியாகியிருக்குமே? ஹாரிஸ் தப்புக் கணக்குப் போட்டுவிட்டாரா? (சியாட்டிலில் மகன் வீட்டுக்கு வந்திருக்கும் வாசகர்)

ப: இங்கே எந்தத் தமிழர் வீட்டு விருந்துக்குப் போனாலும் இதே பேச்சுதான். எங்கள் கவர்னர் செல்வாக்கானவர், மறுக்கவில்லை. ஆனால் சொந்த மாநிலத்தைத் துணை வேட்பாளர் வாங்கித் தருவார் என்ற நம்பிக்கைக்குச் சரித்திரத்தில் ஆதாரம் ரொம்பக் குறைவு.

இதை நம்புகிறவர்கள் எப்போதும் 1960ஐக் காட்டுவார்கள். கென்னடி டெக்சாஸ்காரரான ஜான்சனைத் துணை வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டார், டெக்சாஸ் சுமார் 46,000 வாக்குகளில் கிடைத்தது. சரிதான். அதே டெக்சாஸிலிருந்து 1988இல் பென்ட்சனைக் கூட்டி வந்தார் அதிபர் வேட்பாளர் டுகாகிஸ். டெக்சாஸ் கைவிட்டுப் போனது. வேடிக்கை என்னவென்றால், அன்று பென்ட்சன் செனட்டுக்கும் சேர்த்துப் போட்டியிட்டார். அதில் அதே மக்கள் அவரை ஜெயிக்க வைத்தார்கள். அவரைப் பிடித்திருந்தது, அவருக்காக டுகாகிஸுக்குப் போட மனசில்லை. 2004இல் எட்வர்ட்ஸ் வந்தும் வட கரோலினா கெர்ரிக்குக் கிடைக்கவில்லை. 2012இல் ரயன் இருந்தும் விஸ்கான்சின் ராம்னிக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவு ஏன், 2000இல் கோர் அதிபர் பதவிக்கே நின்றும் தன் டென்னசியைத் தோற்றார்.

இந்தத் தடவை இரண்டு பேருமே அந்தக் கணக்கைப் போடவில்லை. வால்ஸின் மின்னசோட்டா 1972க்குப் பிறகு டிரம்பின் குடியரசுக் கட்சிக்குப் போனதில்லை. வான்ஸின் ஒஹையோவை டிரம்ப் இரண்டு முறையும் சுலபமாக ஜெயித்திருக்கிறார். ஆக, ஷபிரோ இல்லாததால் பென்சில்வேனியா போனது என்று நாளைக்கு யாராவது சொன்னால், ரொம்ப ரொம்ப நெருக்கமான முடிவாக இருந்தால் மட்டும் காது கொடுங்கள்.

மாநிலக் கணக்கு வேறு விதத்தில் ஒருமுறை முக்கியமானது. மாநிலத்தின் சார்பில் அந்த எலெக்டோரல் வாக்குகளைப் போடும் எலெக்டர்கள் தேர்ந்தெடுக்கும் அதிபர், துணை அதிபர் இருவரில் ஒருவராவது வேறு மாநிலத்தவராக இருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். 2000இல் புஷ்ஷும் சேனியும் இரண்டு பேருமே டெக்சாஸ்வாசிகள். டெக்சாஸ் எலெக்டர்களால் இருவருக்கும் வாக்களிக்க முடியாமல் போகும் என்பதால், துணை வேட்பாளர் சேனி அவசரமாகத் தன் வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றினார். அந்தத் தேர்தல் 271–266 என்று முடிந்தது!

கே: 2020இல் கமலா மேடையில் ‘சித்தி’ என்று சொன்னதும் எங்கள் பக்கம் பட்டாசு வெடித்தோம். அந்த ஒரு சொல்லால் அவருக்கு வாக்கு கூடியதா? (மன்னார்குடிப் பக்கத்து வாசகி)

ப: பட்டாசு வெடித்தவர்களுக்கு அங்கே வாக்கு இல்லையே அம்மா! அதைக் கேட்டு இங்கே கண் கலங்கிய சித்திகள் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் முன்பே முடிவு செய்துவிட்டவர்கள்.

கே: துணை அதிபர் வாக்கும் கொண்டுவர மாட்டார் என்கிறீர்கள், அதிகாரமும் இல்லை. அப்புறம் எதற்கு அப்படி ஒருவர்? (வங்கி ஊழியர்)

ப: முதல் துணை அதிபர் ஜான் ஆடம்ஸே மனைவிக்கு எழுதிய கடிதத்தில், மனிதன் கண்டுபிடித்ததிலேயே அற்பமான பதவி என்று புலம்பியிருக்கிறார். எழுத்தில் உள்ள வேலை செனட்டுக்குத் தலைமை தாங்குவது, சம வாக்கு வந்தால் தன் வாக்கைப் போடுவது. துணை அதிபராக ஹாரிஸ் அப்படி 33 முறை போட்டது ஒரு சாதனை. 2022இல் பணவீக்கக் குறைப்புச் சட்டம் 51–50 என்று தேறியது அவர் வாக்கால்தான்.

ஆனால் உண்மையான வேலை காத்திருப்பது. இதுவரை ஒன்பது துணை அதிபர்கள் நடுவிலேயே அதிபராகியிருக்கிறார்கள். எட்டுப் பேர் அதிபர் இறந்ததால், ஃபோர்டு மட்டும் நிக்சன் ராஜினாமா செய்ததால். 1944இல் ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை தெரிந்த கட்சிப் பெரியவர்கள், துணை அதிபர் வாலஸைத் தள்ளிவிட்டு ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் வாக்கை எண்ணினார்களோ இல்லையோ, நாட்களை எண்ணினார்கள். ட்ரூமன் துணை அதிபராக இருந்தது 82 நாள். அணுகுண்டு தயாராகிறது என்பதே அவருக்கு அதிபரான பிறகுதான் சொல்லப்பட்டது.

டிரம்புக்கு இந்தத் தேர்தலின்போது (2024) 78 வயது. வான்ஸுக்கு 40. ‘எத்தனை வாக்கு கொண்டுவருவார்’ என்று அலசுகிற தொலைக்காட்சிகள், ‘நாளைக் காலையில் நாற்காலியில் உட்கார வேண்டி வந்தால்’ என்று கேட்பதற்குப் பாதி நேரம்கூடச் செலவழிக்கவில்லை என்பது என் மனத்தாங்கல். வால்ஸைப் பற்றியும் இதையே கேட்கலாம். பன்னிரண்டு வருடம் காங்கிரஸ் உறுப்பினர், இரண்டு முறை கவர்னர். எனக்கு அது போதும். என் நண்பர்கள் சிலருக்குப் போதவில்லை.

கே: நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யலாம் அல்லவா? 2008இல் துணை வேட்பாளராக நின்ற சாரா பேலின், அதிபர் வேட்பாளர் மெக்கெயினைக் கவிழ்த்துவிட்டார் என்கிறார்களே? (சட்டக் கல்லூரி மாணவர்)

ப: பாதி உண்மை. 2008 வாக்குச்சாவடிக் கணிப்பில் 60 சதவீதம் பேர் பேலினுக்கு அந்தப் பதவிக்குத் தகுதி இல்லை என்றார்கள். ஆனால் அவரை அறிவித்து, மாநாடு முடிந்த கையோடு மெக்கெயின் சில கணிப்புகளில் ஒபாமாவையே முந்தினார். செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து நிதி நெருக்கடி வெடித்ததும் எல்லாம் தலைகீழ்.

என்னைக் கேட்டால் பெரிய பாடம் 1972இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன் சேர்த்துக்கொண்ட துணை வேட்பாளர் ஈகிள்டன். மன அழுத்தத்துக்கு மின் அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர் என்பது வெளியே வந்தது. மெக்கவர்ன் முதலில் ‘ஆயிரம் சதவீதம் அவருக்குப் பின்னால் நிற்கிறேன்’ என்றார், சில நாளில் கழற்றிவிட்டார். மொத்தம் 18 நாள் வேட்பாளர். இத்தனைக்கும் டைம் இதழ் எடுத்த கணிப்பில் 77 சதவீதம் பேர், அவருடைய மருத்துவ விவரம் தங்கள் வாக்கை மாற்றாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். மெக்கவர்ன் அந்தக் கணிப்பை நம்பாமல் பத்திரிகைத் தலைப்புகளை நம்பினார். நவம்பரில் மாசசூசெட்ஸும் தலைநகரமும் மட்டும் மிஞ்சின. ஈகிள்டன் இருந்திருந்தாலும் தோற்றிருப்பார். ஆனால் ‘சொன்ன சொல்லில் நிற்காதவர்’ என்ற பெயர் வந்திருக்காது.

கே: முடிவு எப்போது தெரியும்? லீவு போடணும்! (கடை ஊழியர்)

ப: பென்சில்வேனியாவில் வாக்குப்பதிவு முடியும்போது இந்தியாவில் உங்களுக்கு நவம்பர் 6 காலை 6.30. ஆனால் அவசரப்பட வேண்டாம். இங்கே தபால் வாக்கு உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் பிரிக்கவே சட்டம் விடாது. 2020இல் செவ்வாய்க்கிழமை போட்ட வாக்குக்கு, ஜெயித்தவர் யார் என்பது சனிக்கிழமைதான் தெரிந்தது. லீவை வியாழனுக்குக் கேட்டு வையுங்கள், முடிந்தால் வெள்ளியையும் சேர்த்து.