வாசகர் கேள்விகள்: இளவரசருக்கு ஓங்கிலின் பெயர்

கேள்வி: பிரான்ஸ் நாட்டுப் பட்டத்து இளவரசரை ‘தோஃபான்’ என்று எழுதுகிறார்கள். அதற்கு டால்பின் என்று அர்த்தமாமே? ராஜா வீட்டுப் பிள்ளைக்கு ஏன் இப்படி ஒரு பெயர்?

பதில்: ஆமாம், டால்பின்தான், நம் தமிழில் ஓங்கில். ஆனால் இது ராஜா வீட்டில் பிறந்த பெயர் இல்லை, விலைக்கு வந்த பெயர். இன்றைய கிரெனோபிள் நகரைச் சுற்றி ஆண்ட ஆல்பொன் பிரபுக்களில் நான்காம் கீக் என்பவர் 12ஆம் நூற்றாண்டில் ‘தோஃபான்’ என்று அழைக்கப்பட்டார். வாரிசுகளும் அந்தப் பெயரை விடாமல் பிடித்துக்கொள்ள, போகப்போக அதுவே பட்டமாகி, சின்னத்தில் ஓங்கில் ஏறி, அவர்கள் ஆண்ட நிலத்துக்கும் தோஃபினே என்றே பெயர் வந்துவிட்டது.

அந்த வம்சத்தின் கடைசி ஆள் இரண்டாம் உம்பேர். ஒரே மகன் சின்ன வயதிலேயே இறந்துவிட்டான், கடன் கழுத்தை நெரித்தது, சிலுவைப் போருக்கு வேறு போய் வந்தார், அதற்குள் மனைவியும் இறந்துவிட்டார். 1349இல் 2 லட்சம் பொற்காசுகளுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகைக்கும் நாட்டைப் பிரெஞ்சு அரச குடும்பத்திடம் கொடுத்துவிட்டு டொமினிக்கன் துறவியாகிவிட்டார். அதை வாங்கி அரச குடும்பத்தின் முதல் தோஃபான் ஆனவர் மன்னர் ஆறாம் ஃபிலிப்பின் பேரன் சார்ல். அவரே 1364இல் ஐந்தாம் சார்ல் என்று அரியணை ஏறியதும், அப்புறம் அவர் மகனுக்கும் அதே பட்டம் வந்ததும் வழக்கமாகி நிலைத்துவிட்டது.

கேள்வி: தோஃபான் ஆனவர்கள் எல்லோரும் ராஜா ஆனார்களா?

பதில்: இல்லை. 14ஆம் லூயியின் மகன் 1661இல் பிறந்து 1711இல் இறக்கும்வரை, கிட்டத்தட்ட 50 வருடம், தோஃபானாகவே இருந்தார். அடுத்த வருடம் அவருடைய மகன் பிப்ரவரியிலும் அந்த மகனின் பிள்ளை மார்ச்சிலும் போய்விட, ஒரு வருடத்துக்குள் மூன்று தோஃபான்களைப் பறிகொடுத்த கிழவர் 14ஆம் லூயிக்கு அடுத்த வாரிசாக மிஞ்சியது ஒரு கொள்ளுப்பேரன்தான். 1715இல் 15ஆம் லூயியாக அரியணை ஏறியபோது அந்தக் குழந்தைக்கு 5 வயது.

கேள்வி: புரட்சியின்போது சிறையில் இறந்த சிறுவன்தானே கடைசி தோஃபான்?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் இல்லை. அவன் 16ஆம் லூயியின் மகன்; 1789 ஜூனில் அண்ணன் 7 வயதில் இறந்ததால் அந்தப் பையனுக்குப் பட்டம் வந்தது, 1791 அரசியலமைப்போடு அந்தப் பெயரே எடுக்கப்பட்டு ‘ராயல் இளவரசர்’ ஆனான். 1795 ஜூன் 8 அன்று பாரிஸின் தாம்ப்ள் கோட்டையில் இறந்தபோது வயது 10தான். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் ஒருவர் அவன் இதயத்தை எடுத்து வைத்துக்கொண்டார், இதற்கிடையே நான்தான் அந்த இளவரசன் என்று எத்தனையோ பேர் கிளம்பினார்கள். 2000இல் அந்த இதயத்தின் மரபணு அவன் அம்மா மரி அந்துவானெத்தின் தாய்வழிச் சொந்தங்களோடு பொருந்தியது, 2004 ஜூன் 8 அன்று சாந்-தெனி தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஒரு குழந்தையின் இதயம் 209 வருடம் அலைந்திருக்கிறது, எனக்கு இதை எழுதும்போதே நெஞ்சு கனக்கிறது.

மன்னராட்சி திரும்பிய பிறகு, 10ஆம் சார்ல் 1824இல் முடியேற்றதும் அவர் மகன் லூயி அந்துவான் தோஃபான் ஆனார். 1830 ஆகஸ்ட் 2 அன்று அப்பா முடி துறந்தார், மகனும் உரிமையைக் கைவிட்டார், பட்டம் அத்தோடு போய்விட்டது. அவருடைய மனைவி மரி தெரேஸ்தான் பிரான்ஸின் கடைசி தோஃபான் மனைவி. தாம்ப்ளில் இறந்த அந்தப் பையனின் அக்கா அவர், அதே கோட்டையில் அவனுக்கு மேல் மாடியில் அடைபட்டிருந்தும் தம்பியைப் பார்க்க விடப்படாதவர்.