பிரிபரேட்டரி ரேங்க் தோல்வி இல்லை

ஜவ்வாது மலையிலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மகள், பழங்குடியினர் பிரிவில் ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதினாள். ரேங்க் பட்டியலில் பெயர் இல்லை; பிரிபரேட்டரி பட்டியலில் இருக்கிறது. “ஒரு வருஷம் வீணாப் போகும், கடனை வாங்கித் தனியார் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடு” என்கிறார்களாம் சொந்தக்காரர்கள். பிள்ளைக்கு ஆசை உலோகப் பொறியியல்மேல்.

ஐயா, உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் அந்தக் கடனை வாங்காதீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5% ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அது கையில் இருக்கட்டும்.

முதலில் பார்க்க வேண்டியது பிரிபரேட்டரியை. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி இடங்கள் நிரம்பாதபோது, கட்-ஆஃபைத் தொடாத அந்தப் பிரிவு மாணவர்களுக்காக ஐஐடிகள் நடத்தும் ஓராண்டுப் படிப்பு இது. இயற்பியல், வேதியியல், கணிதத்தை அடியிலிருந்து சொல்லித் தருவார்கள். ஆண்டு முடிவில் தேர்ச்சி பெற்றால் அடுத்த ஆண்டு நேராக பி.டெக்.; மறுபடி ஜேஇஇ எழுத வேண்டாம். ஐஐடி இடங்களுக்குக் கலந்தாய்வு நடத்தும் ஜோசா வெளியிடும் கடைசி ரேங்க் பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் ‘பி’ என்று இருப்பதெல்லாம் இந்த இடங்கள்தான். எந்தப் பாடப்பிரிவு எந்த ரேங்க்குக்குப் போனது என்று போன வருடப் பட்டியலில் அவளையே பார்க்கச் சொல்லுங்கள். இடம் கிடைத்தே தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். கிடைத்தால் விடாதீர்கள்.

அந்த ஒரு வருடம் வீண் இல்லை. அட்வான்ஸ்டுக்கு முந்தைய தேர்வான ஜேஇஇ மெயினைத் தமிழில் எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். அவள் மதிப்பெண் குறைந்ததில் அதற்கும் பங்கு இருக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பலர் முதல் செமஸ்டரில் தடுமாறுவது பாடம் புரியாததால் இல்லை, பாடத்தின் வேகத்தாலும் ஆங்கிலத்தாலும்தான். கால் ஊன்ற ஒரு வருடம் கிடைப்பது பெரிய விஷயம்.

சரி, செலவு. ஐஐடி பி.டெக்.கில் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. மெஸ் கட்டணம், மடிக்கணினி எல்லாம் தனி. பிரிபரேட்டரி ஆண்டுக்கு எவ்வளவு என்று இடம் கிடைத்த ஐஐடியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இட ஏற்புக் கட்டணத்தை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். 2024-ல் உத்தரப் பிரதேசத்தின் தலித் மாணவர் ஒருவர் 17,500 ரூபாயை நேரத்துக்குள் கட்ட முடியாமல் ஐஐடி தன்பாத் இடத்தை இழந்தார். சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, கடைசியில் உச்ச நீதிமன்றத்தில்தான் அதை மீட்டார். உங்கள் பிள்ளைக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

அப்புறம், விருப்பப் பட்டியலை அவள்தான் நிரப்ப வேண்டும். உலோகப் பொறியியல் மேலே இருக்கட்டும். சொந்தக்காரர்களுக்காக ஒரு வரியைக்கூட மாற்றாதீர்கள். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) கொடுத்த சாதிச் சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்; இல்லையென்றால் நாளைக் காலையிலேயே அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.