ஸ்பிட்ஃபயருக்கு வீட்டிலேயே ஹார்ட்டாப் செய்யலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் கோவென்ட்ரி அருகே வசிக்கிறேன். 1973-ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 என்ற திறந்த கார் வைத்திருக்கிறேன். துணிக் கூரை ஒழுகுகிறது, குளிர்காலத்தில் உள்ளே உட்காரவே முடியவில்லை. தேவைப்படும்போது மாட்டிக் கழற்றுகிற மாதிரி ஒரு ஹார்ட்டாப்பை (கெட்டிக் கூரையை) ஃபைபர் கிளாஸில் நானே செய்யலாம் என்று பார்க்கிறேன். கராஜ் இருக்கிறது, ரெசின் வேலையும் கொஞ்சம் பழக்கம். தெர்மோகோலில் வடிவம் செதுக்கி மேலே ஃபைபர் ஒட்டினால் போதும் என்கிறார் நண்பர். பின் ஜன்னலுக்கு பாலிகார்பனேட் பிளாஸ்டிக் போடலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். வளைந்த கூரையைச் செய்வதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, கொஞ்சம் பொறுமை இருந்தால் வந்துவிடும். அந்தக் கூரை காரின் மேல் உட்காருகிற விளிம்புதான் ஆளைப் படுத்தும். மழை ஒழுகுவது, காற்று விசிலடிப்பது, கதவுக் கண்ணாடி இடிப்பது எல்லாமே விளிம்புப் பிரச்சினைகள். உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் அங்கே போகும் என்று இப்போதே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குறுக்கு வழி. ஸ்பிட்ஃபயருக்கு ட்ரையம்ஃபே இரும்புத் தகட்டில் ஹார்ட்டாப் விற்றது. மார்க் 1 முதல் 3 வரை வந்தவை உருண்டையான வடிவம்; உங்கள் மார்க் 4-க்கும் பின்னால் வந்த 1500-க்கும் உரியவை பட்டையான கோடுகளும் பக்கத்தில் சிறு ஜன்னல்களும் கொண்டவை. அந்தப் பட்டை வடிவத்தில் துருப்பிடித்த ஒன்று மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். தகடு போயிருந்தாலும் பின் கண்ணாடி, அதன் ரப்பர், மாட்டும் பிராக்கெட்டுகள் எல்லாம் அளவெடுத்தது போலக் கிடைத்துவிடும். வெளி ஓடு ஒன்றை மட்டும் நீங்கள் ஃபைபரில் செய்தால் போதும்.

சரி, எதுவும் கிடைக்கவில்லை, முழுசாகச் செய்யப்போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ரெசின் டப்பாவைத் திறப்பதற்கு முன் காருக்கு அடியில் படுக்க வேண்டும். ஸ்பிட்ஃபயரின் சேசிஸ் (அடிச்சட்டம்), ட்ரையம்ஃபின் ஹெரால்டு காரின் சேசிஸைக் குட்டையாக்கிச் செய்தது. (நம் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி தயாரித்த அதே ஹெரால்டுதான். பானட் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த உறவு உடனே புரியும்.) ஆனால் ஹெரால்டில் இருந்த பக்கவாட்டுச் சட்டங்கள் ஸ்பிட்ஃபயரில் இல்லை. அந்த வேலையைக் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ (sill) என்ற தகட்டுப் பெட்டிகள் செய்கின்றன. அவை உள்ளுக்குள் துருப்பிடித்தால் காரின் நடுப்பகுதி மெல்லத் தொய்யும், கதவின் மேல்பக்க இடைவெளி குறுகும். இன்றைக்கு இப்படித் தொய்ந்திருக்கும் காருக்கு அளவெடுத்துக் கூரை செய்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து சில் மாற்றினால், கூரை எங்கேயும் பொருந்தாது. ஆகவே சில்லைத் தட்டிப் பாருங்கள், கதவு இடைவெளிகளை அளந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் வெல்டிங்கை முதலில் முடியுங்கள், கூரை காத்திருக்கட்டும்.

அளவெடுக்கும்போது கார் நான்கு சக்கரத்திலும் சமதரையில் நிற்க வேண்டும். ஸ்டாண்டில் தூக்கி வைத்து அளவெடுத்தால் உடம்பு வேறு மாதிரி வளைந்திருக்கும். கதவுகள் பூட்டியிருக்கட்டும், கண்ணாடிகள் முழுக்க ஏறியிருக்கட்டும். அப்புறம் ஒரு சோதனை செய்யுங்கள். முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் மூலையிலிருந்து எதிர்ப்பக்கப் பின் மூலை வரை குறுக்காக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு குறுக்களவும் வேண்டும். பிறகு ஒரு முன்சக்கரத்தைப் பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள உறுதியான பலகை அடுக்கின் மேல் ஏற்றி நிறுத்தி மறுபடி அளங்கள். எத்தனை மில்லிமீட்டர் மாறுகிறதோ அதுதான் ஓட்டும்போது உங்கள் காரின் முறுக்கல். திறந்த கார்களில் இது இருந்தே தீரும். கூரையை வைத்து இந்த முறுக்கலை அடக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு பக்கமும் கல் மாதிரி இறுக்கினால் அந்த விசை முழுவதும் முன்கண்ணாடிச் சட்டத்துக்குப் போகும், போல்ட் ஓட்டைகளைச் சுற்றி ஃபைபரில் வெடிப்பு விடும். முன்பக்கம் இறுக்கமாகப் பிடிக்கட்டும். பின்பக்கமும் பக்கவாட்டும் தடித்த ரப்பர் வாஷர் மேல் உட்காரட்டும்.

இறுக்கம் என்றதும் எவ்வளவு என்ற கேள்வி வரும். மணிக்கு 70 மைல் வேகத்தில், அதாவது வினாடிக்கு 31 மீட்டரில், எதிர்க்காற்றின் அழுத்தம் சுமார் 600 பாஸ்கல். ஒரு சதுர மீட்டருக்கு 60 கிலோ எடை வைத்த மாதிரி. வளைந்த கூரையின் மேல் காற்று வேகமெடுப்பதால் அங்கே உறிஞ்சல் உண்டாகிறது. அழுத்தத்தில் பாதி என்று எடுத்துக்கொண்டால்கூட, 1.2 சதுர மீட்டர் கூரையை 36 கிலோ விசை மேலே இழுக்கும். ஜன்னலை இறக்கினால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தள்ளும். எதிரே லாரி கடந்தால் இன்னும் கொஞ்சம். இரட்டிப்பாகவே வைத்துக்கொண்டு, அதற்கு மேல் சில மடங்கு பலம் வைத்து வடிவமையுங்கள். துணிக் கூரையின் கொக்கிகளை மட்டும் நம்பக் கூடாது. முன்னால் மூன்று இடத்திலும், பின்னால் இருபுறமும் இரண்டிரண்டு இடத்திலும் 8 மி.மீ போல்ட் போடுங்கள். துணிக் கூரையின் சட்டம் பற்றும் இடங்கள் ஏற்கெனவே பலமாக இருக்கும், முடிந்தவரை அவற்றையே பயன்படுத்துங்கள். வெறும் தகட்டில் ஓட்டை போட நேர்ந்தால் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புப் பட்டை கட்டாயம்.

இப்போது உங்கள் நண்பரின் தெர்மோகோலுக்கு வருவோம். கடையில் மலிவாகக் கிடைப்பது பாலியெஸ்டர் ரெசின். அதில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மோகோலை நிமிடங்களில் கரைத்துக் குழியாக்கிவிடும். எபாக்சி கரைக்காது. ஒரே ஒரு கூரை செய்கிறவருக்கு நான் எபாக்சியைத்தான் சொல்வேன், விலை அதிகமானாலும். பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும், சுருங்கினால் விளிம்பு முறுக்கிக்கொள்ளும். உங்களுக்கு விளிம்புதானே எல்லாம். இன்னொன்று, கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் ஸ்டைரீன் வாடை படுக்கையறை வரை வரும். அந்த ஆவி தீப்பிடிக்கக் கூடியது. குளிருக்காக கேஸ் ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாலியெஸ்டரில் வேலை செய்வது தற்கொலைக்குச் சமம். எபாக்சிக்கும் ஒரு குணம் உண்டு. திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வந்துவிடும், வந்தால் போகாது. நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பெரும்பாலான ரெசின்கள் 15 டிகிரிக்குக் கீழே ஒழுங்காக இறுகாது. எனவே குளிர்காலத்தில் பிளைவுட் சட்டங்களை வெட்டுங்கள், ரெசின் வேலையை மே, ஜூனுக்கு வையுங்கள்.

அச்சு எடுத்து அதற்குள் வார்க்கும் முறை பத்துக் கூரை விற்கிறவருக்குச் சரி. உங்களுக்கு ஃபோமை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஃபைபர் ஒட்டும் சாண்ட்விச் முறை போதும். காரின் குறுக்கே 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக பிளைவுட் வளைவுகளை நிறுத்தி, ஒன்றோடொன்று பிணைத்து, காரின் மேல் ஒரு கூடு செய்யுங்கள். அதன் கீழே உட்கார்ந்து பாருங்கள். தலைக்கு மேல் நான்கு விரல்கடை இடமாவது வேண்டும், உள் பேடிங்கும் அதில்தான் வரும். தள்ளி நின்று எல்லாப் பக்கமிருந்தும் பாருங்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோவான்னி மிக்கெலோட்டி வரைந்து 1962-இல் வெளிவந்த கார் இது, கொஞ்சம் உயரம் கூடினாலும் தொப்பி போட்டது போல ஆகிவிடும். வளைவில் திருப்தி வரும்வரை பிளைவுட்டைச் செதுக்குங்கள். பிளைவுட்டில் ஒரு மணி நேரம், இறுகிய ஃபைபரில் ஒரு நாள்.

அந்தக் கூட்டின் மேல் 10 மி.மீ தடிப்புள்ள பிவிசி ஃபோமை மூன்று, நான்கு சென்டிமீட்டர் பட்டைகளாக வெட்டி நீளவாக்கில் அடுக்கி ஒட்டுங்கள். தெர்மோகோலைவிட இதையே சொல்வேன். நசுங்காது, சூட்டையும் ஓரளவு தாங்கும். உப்புத்தாளால் சமப்படுத்திவிட்டு, சதுர மீட்டருக்கு 280 கிராம் அளவுள்ள நெய்த கண்ணாடி நார்த்துணி இரண்டு அடுக்கு. பாலியெஸ்டருக்கு விற்கும் வெட்டு நார்ப் பாயை எபாக்சிக்கு வாங்கிவிடாதீர்கள். அதைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் இளகும், எபாக்சியில் பாய் படியவே படியாது. மேல்பக்கம் இறுகியதும் கூரையைப் பிளைவுட்டிலிருந்து எடுத்துக் கவிழ்த்து உள்பக்கமும் அதே இரண்டு அடுக்கு. போல்ட் வரும் இடங்களில் ஃபோமைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிளைவுட் துண்டையோ அலுமினியத்தையோ ரெசினில் பதித்துவிடுங்கள். ஃபோமின் மேல் போல்ட்டை இறுக்கினால் அது நசுங்கிக்கொண்டே போகும், போல்ட் என்றைக்கும் இறுகாது.

உள்பக்க அடுக்கு போடுவதற்கு முன் கூரையை ஒரு முறை காரில் வைத்து விளிம்பை வார்க்க வேண்டும். இதுதான் அந்தப் பாதி நேரம். முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்பகுதி, டிக்கிக்கு முன்னால் உள்ள தட்டு எல்லாவற்றிலும் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப், அதன் மேல் வழுக்கும் பிளாஸ்டிக் பார்சல் டேப். நீங்கள் போடப்போகும் ரப்பர் பீடிங்கை முதலிலேயே வாங்கிவிடுங்கள். 10 மி.மீ பீடிங் நன்றாக அழுந்தும்போது 6 மி.மீ ஆகிறது என்றால், 6 மி.மீ தடிப்புள்ள பட்டையைக் காரின் மேல் ஒட்டி, அதன் மேல் பார்சல் டேப் சுற்றி, அந்தப் பட்டையின் மேல் விளிம்பை வார்த்தெடுங்கள். இறுகியதும் பட்டையை எடுத்துவிட்டு பீடிங்கை வைத்தால், காரின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் விளிம்பு சரியாகப் படியும். கடைசியில் பட்டி வைத்து இடைவெளி அடைக்கலாம் என்று விட்டுவைக்கும் கூரைகள்தான் ஒழுகுகின்றன.

கதவுப் பக்கம் இன்னும் கவனம். ஸ்பிட்ஃபயரின் கதவுக் கண்ணாடிக்கு மேல் சட்டம் கிடையாது, கண்ணாடியின் மேல்நுனி நேராகக் கூரையின் பீடிங்கில் போய் அழுந்த வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அழுந்தினால் போதும். அதிகம் அழுந்தினால் கதவைச் சாத்த இடித்துச் சாத்த வேண்டியிருக்கும். கண்ணாடிக்கு வெளியே உதடு மாதிரி எதுவும் தொங்கக் கூடாது, கதவு திறக்கும்போது கண்ணாடி அதில் மாட்டும். கதவுக்கு மேலே ஒரு சிறிய மழைநீர் வடிகாலும் வையுங்கள். இல்லையென்றால் கதவைத் திறக்கும்போதெல்லாம் கூரைத் தண்ணீர் சீட்டில் கொட்டும்.

பின் ஜன்னலுக்கு பாலிகார்பனேட் போடலாம். 4 மி.மீ தடிப்பு, இரண்டு பக்கமும் கீறல் தாங்கும் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். சூடாக்காமல் வளைக்க முடிகிற அளவு ஒரு திசையில் மட்டும் வளைவு இருக்கட்டும், வளைவின் ஆரம் 70 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். கண்ணாடியைவிட இது பல மடங்கு விரிந்து சுருங்கும். ஒரு மீட்டர் நீளத் தகடு, 40 டிகிரி வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 2.7 மி.மீ மாறும். ஸ்க்ரூ ஓட்டைகளைப் பெரிதாகப் போட்டு ரப்பர் வாஷர் வையுங்கள். ரப்பர் சட்டத்தில் செருகினால் அதைவிட நல்லது. பெட்ரோல், தின்னர் தொட்ட துணியால் துடைத்தால் நுண்ணிய வெடிப்பு விழும். பின் மூலைகளில் குருட்டுப் பகுதி அதிகமாகும், பக்கத்துச் சிறு ஜன்னல்களை வேலை மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள்.

நிறம் வெள்ளையோ வெளிர் நிறமோ இருக்கட்டும். சாதாரணச் சூட்டில் இறுகிய எபாக்சி 50, 60 டிகிரியிலேயே மெல்ல இளக ஆரம்பிக்கும். கறுப்புக் கூரை கோடை வெயிலில், இங்கிலாந்தில்கூட, அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். பெயின்ட் அடிக்கும் முன் எபாக்சியின் மேல் படியும் மெழுகு போன்ற படலத்தை வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவிவிட்டு உப்புத்தாள் போடுங்கள். தேய்க்காமல் அடித்தால் பெயின்ட் உரியும்.

இப்படிச் செய்தால் ஓடு எட்டு கிலோவுக்குள் வரும். விளிம்பு, ஜன்னல், இரும்புச் சாமான் எல்லாம் சேர்ந்து 15 கிலோவைச் சுற்றி. இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கலாம். ஆனால் இது விபத்தில் தலையைக் காப்பாற்றும் கூரை கிடையாது. கார் புரண்டால் தாங்க வேண்டும் என்றால் அதற்கு ரோல் பார் (சீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு) தனியாக வேண்டும், அதன் உயரத்தையும் பிளைவுட் கட்டத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள், சொல்லாத மாற்றம் க்ளெய்ம் நேரத்தில் தகராறாகும். 40 வயதைத் தாண்டிய கார் என்பதால், பெரிய மாற்றம் செய்யாதவரை உங்களுக்கு வருடாந்தர எம்ஓடி (வாகனத் தகுதி) சோதனை கட்டாயமில்லை. கழற்றி மாட்டும் கூரை அந்தச் சலுகையைக் கெடுக்காது.

முதல் ஓட்டத்துக்கு முன் ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்கட்டும், கீழிருந்து மேலாக. மேலிருந்து ஆரம்பித்தால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. முதல் 50 மைலுக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள், ரப்பர் அதற்குள் கொஞ்சம் படிந்திருக்கும். கோடையில் கழற்றி வைக்கும்போது சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். மாதக்கணக்கில் ஒரு விளிம்பில் நின்றால் வளைந்துவிடும். அகலமான நாடாவால் கராஜ் கூரையிலிருந்து தொங்க விடுங்கள், போல்ட் ஓட்டைகளில் கயிறு கட்டாமல்.