அப்பாவின் ஜுர நோட்டு

அன்புள்ள ஐயா,

நான் கடலூர் திருப்பாப்புலியூரில் பிறந்து வளர்ந்தவள். இப்போது புதுச்சேரியில் இருக்கிறேன். என் அப்பா அரசு மருத்துவமனையில் 34 வருஷம் ஆண் நர்ஸாக வேலை பார்த்தார். வார்டில் எல்லோருக்கும் அவர் ‘பிரதர்’, தெருவில் ‘கம்பவுண்டர்’. போன ஐப்பசியில் காலமானார். வயது 74.

எனக்கு 9 வயது, தம்பிக்கு 5 வயது இருக்கும்போது அம்மா தவறிவிட்டார். அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பகலில் எங்களோடு இருக்க வேண்டும் என்று, மற்றவர்கள் தள்ளிவிடும் நைட் டூட்டியை எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்வார். ராத்திரி பக்கத்து வீட்டு ஆயா எங்களோடு படுத்துக்கொள்ளும். காலையில் வந்து சோறு வடித்து, எனக்குத் தலை பின்னி, எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத்தான் அவர் படுப்பார். முதலில் அவருக்குப் பின்னத் தெரியாது. பேண்டேஜ் துணியை மூன்றாகக் கிழித்து ஜன்னல் கம்பியில் கட்டிப் பழகினார்.

2004 சுனாமியின்போது நான் தலைப்பிரசவம் முடிந்து வீட்டில் இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டூட்டி முடிந்து கிளம்ப இருந்தவர், செவ்வாய்க்கிழமைதான் வந்தார். கிணற்றடியில் ரொம்ப நேரம் குளித்தார். ஒன்றும் பேசவில்லை. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆன பிறகும் தெருவில் யாருக்காவது சர்க்கரைப் புண் என்றால் எங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். தானே புயலுக்கு அப்புறம் கரண்ட் இல்லாத நாட்களில் நாலு வீட்டு இன்சுலினும் எங்கள் வீட்டு மண்பானையில்தான் இருந்தது.

முதல் வருஷ நினைவுக்குச் சின்னதாக ஒரு மலர் போடலாம் என்று நானும் தம்பியும் நினைத்தோம். எழுத உட்கார்ந்தால் ‘தியாகச் சுடர்’, ‘அன்பின் இமயம்’ என்றுதான் வருகிறது. நாலு தடவை கிழித்துப் போட்டுவிட்டேன். ‘ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு வேலையா’ என்று சொந்தக்காரர்கள் அவர் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அதை எழுதலாமா?

அவர் பெட்டியில் ஒரு பழைய லாங் சைஸ் நோட்டு இருந்தது. எங்களுக்கு ஜுரம் வந்த நாட்களில் வார்டில் எழுதுவது போலவே எழுதி வைத்திருக்கிறார். ‘இரவு 11: 103. ஈரத்துணி. 2: 102. தண்ணீர் 3 ஸ்பூன். 4: 100. தூக்கம். 6: வியர்த்தது. இட்லி கேட்டாள்.’ இதெல்லாம் மலரில் போடும் விஷயம் இல்லை. பெரிதாக ஒன்றும் நடக்காத ஒரு வாழ்க்கையை எப்படி ஐயா எழுதுவது? என் பெயர் வேண்டாம்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும், ‘மலரில் போடும் விஷயம் இல்லை’ என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட அந்த நோட்டில் வந்துதான் நின்றேன். நீங்கள் எழுதத் தேடுவதை உங்கள் அப்பா ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நர்ஸ் வேலையில் பாதி பார்ப்பது, மீதி எழுதுவது. நைட் டூட்டி முடித்துப் போகிறவர், காலை டூட்டிக்கு வருகிறவரிடம் ‘பாவம், ராத்திரியெல்லாம் ரொம்பக் கஷ்டப்பட்டார்’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. எத்தனை மணிக்கு எவ்வளவு ஜுரம், உள்ளே போன தண்ணீர் எவ்வளவு, வெளியே வந்த சிறுநீர் எவ்வளவு, கடைசியாக எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தது, இவ்வளவும் வேண்டும். அடுத்த ஆள் அதை நம்பித்தான் அடுத்த காரியத்தைச் செய்வார். 34 வருஷம் அப்படி எழுதிய கை அது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரைப் பற்றி எழுதும்போது சுடரும் இமயமும் ஒட்டாமல் போவதில் என்ன ஆச்சரியம்? நீங்கள் கிழித்துப் போட்டது சரிதான்.

அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பாருங்கள். வழக்கமாக ராத்திரியில் அவர் வார்டில் இருப்பவர். இரவு 11-க்கும் 2-க்கும் 4-க்கும் உங்கள் பக்கத்தில் இருந்திருக்கிறார் என்றால், அன்றைக்கு லீவு போட்டிருக்க வேண்டும், அல்லது யாரிடமாவது டூட்டி மாற்றிக்கொண்டு அப்புறம் அந்தக் கடனை அடைத்திருக்க வேண்டும். 4 மணிக்கு ‘தூக்கம்’ என்று எழுதியிருப்பது உங்கள் தூக்கம். 6 மணிக்கு வியர்த்ததை அவர் பார்த்திருக்கிறார் என்றால் அவர் தூங்கவில்லை. அப்புறம் அந்தக் கடைசி வரி. வார்டு சார்ட்டில் ‘இட்லி கேட்டாள்’ என்று யாரும் எழுதமாட்டார்கள். அந்த இடத்தில் நர்ஸ் கையெழுத்தில் அப்பா வந்துவிடுகிறார்.

என் அப்பா கடைசியாகப் படுத்திருந்தது இங்கே புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில். நினைவு இல்லை. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரி டூட்டியில் ஒரு பிரதர் இருந்தார். ஒவ்வொரு தடவையும் அப்பாவின் தோளில் கை வைத்து, ‘ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பலாமா’ என்று கேட்டுவிட்டுத்தான் திருப்புவார். காது கேட்கிறதா என்றே தெரியாத மனிதரிடம்! முதுகைத் துடைத்து, விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைப்பார். மகன் நான், பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தக் குரல்தான் காதில் கேட்டது.

சொந்தக்காரர்கள் பேசியதை அவசியம் எழுதுங்கள். யார் சொன்னது என்று வேண்டாம், சொன்ன வாக்கியம் மட்டும் போதும். அதற்குப் பதில் குறளிலேயே இருக்கிறது. மருந்து என்கிற அதிகாரத்தின் கடைசிக் குறள், 950-வது. நோயாளி, வைத்தியர், மருந்து, இந்த மூன்றோடு நாலாவதாக ‘உழைச்செல்வான்’ என்று ஒருவரைச் சேர்க்கிறார் வள்ளுவர். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர். நாலில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் இல்லை. அதுவும் ‘செல்வான்’ என்று ஆண்பாலில் சொல்கிறார். பழைய நூல்களில் பொதுவாகச் சொல்வதே ஆண்பாலில்தானே என்று பண்டிதர்கள் சொல்லலாம். இருக்கட்டும். ஆம்பளைக்கு இது வேலையா என்று கேட்டவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும்.

நீங்கள் பிறந்த ஊரே இதற்கு இன்னொரு சொல்லும் வைத்திருக்கிறது. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ள, அவர் கரையேறி வந்து பாடியது உங்கள் திருப்பாதிரிப்புலியூரில். ‘ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்’ என்று தொடங்கும் அந்தப் பாட்டில்தான் ‘தோன்றாத் துணை’ என்று வருகிறது. கண்ணுக்குத் தெரியாமல் கூடவே இருக்கிற துணை. அப்பர் பாடியது பாடலீஸ்வரரை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் தாயும் தகப்பனுமாக இருந்த ஒருவரைப் பற்றி அந்த ஊர்ப் பெண் எழுதும்போது அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள உரிமை இருக்கிறது. அப்பரை வளர்த்ததும் அவர் அக்கா திலகவதியார்தான். பெற்றோர் போய், தனக்கு நிச்சயித்தவரும் போரில் போன பிறகு, தம்பிக்காகவே உயிரை வைத்துக்கொண்டிருந்தார். சூலை நோயில் துடித்த தம்பி கடைசியில் வந்து விழுந்ததும் திருவதிகையில் அந்த அக்காவிடம்தான்.

சுனாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்தும் சிங்காரத்தோப்பிலிருந்தும் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு நடுவில் உங்கள் அப்பா என்ன பார்த்தார், என்ன செய்தார் என்று நீங்களாகக் கற்பனை செய்து எழுதாதீர்கள். அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்லாமலே விடுங்கள். கிணற்றடியில் நீங்கள் கேட்ட தண்ணீர்ச் சத்தம், அவர் மடியில் உங்கள் குழந்தை, இருட்டு. இது நீங்கள் பார்த்தது, இதை எழுதுங்கள்.

இன்சுலின் பானையை மட்டும் ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே கரையேறி, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊரில், ஃப்ரிட்ஜுக்கு என்ன செய்வது என்று யோசித்த மனிதர் அவர். பானையில் மணலைப் போட்டு நனைத்தாரா? மருந்து நனையாமல் இருக்க நடுவில் கலயம் வைத்தாரா? ஈரம் காயக் காயத்தான் பானை குளிரும், அதனால் நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்றினார்? எந்த பாட்டில் யாருடையது என்று எப்படித் தெரிந்தது? பிளாஸ்திரியில் பெயர் எழுதி ஒட்டியிருப்பார் என்று என் மனது சொல்கிறது. அந்த நாலு வீட்டில் யாராவது இருப்பார்கள், போய்க் கேளுங்கள். பேண்டேஜ் துணிப் பின்னலையும் அப்படியே எழுதுங்கள். பின்னல் இறுக்கமாக இருந்ததா, சாயந்திரம்வரை அவிழாமல் நின்றதா என்று உங்கள் தலைக்குத்தான் தெரியும்.

நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மலரின் முதல் பக்கத்தில் போடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்த வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம். அம்மா போகும்போது உங்கள் தம்பிக்கு 5 வயது என்கிறீர்கள். அந்த வயதில் நடந்தது அவருக்கு எவ்வளவு நினைவிருக்கும்? அந்த நோட்டில் அவருடைய ஜுரத்துக்கும் பக்கங்கள் இருக்குமே, காட்டினீர்களா? மலர் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுங்கள்.